மாட்டை வாங்கியாச்சு, வைக்கோல் எங்கடே?

வாரும் பேராண்டி, வாரும். பட்டணத்துலருந்து தாத்தாவைப் பாக்க வந்தவரு பையில மாத்துத்துணி இருக்கும்னு நெனச்சேன். நீரு மருந்துக்கடையில பாதியை அள்ளிக் கட்டிக்கிட்டுல்லா வந்திருக்கீரு! இந்தச் சின்ன மாத்திரைக்குள்ள நூறு கோடி உசுரு இருக்குன்னு டப்பாவுல போட்டிருக்கான். நூறு கோடி! அதுக்கெல்லாம் ஓட்டுரிமை மட்டும் இருந்திருந்தா நீ இந்நேரம் டில்லியில உக்காந்திருப்பே. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு முழுங்குதே. சரி, முழுங்கிட்டு என்ன திங்கே? வெள்ளைப் பரோட்டா, வெள்ளை ரொட்டி, வெள்ளைச் சோறு. சாம்பார்ல கெடக்க சின்ன வெங்காயத்தை ஒண்ணொண்ணாப் பொறுக்கித் தட்டோரத்துல ஒதுக்குதே. உங்க ஆச்சி அதைப் பாத்துட்டு உள்ள போயி முந்தானையில மூஞ்சை மறைச்சுக்கிட்டுச் சிரிக்கா.

எய்யா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதே. ஒருத்தன் சந்தைக்குப் போயி நல்ல கறவை மாட்டை ரொக்கம் குடுத்து ஓட்டிட்டு வாரான். தொழுவுல கட்டுதான். வைக்கோல் வைக்கல, புண்ணாக்கு வைக்கல. மறுநாள் விடியக்காலம் செம்பைத் தூக்கிட்டுப் பால் கறக்கப் போறான். அவனை ஊருல என்னன்னு சொல்லுவாங்க? அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லிக்கிடு.

இது நானாக் கட்டிவிடுத கதை இல்ல. உன் பெரியப்பா மக காலேஜுல கிருமிப் படிப்பு சொல்லிக் குடுக்கால்லா, அவ லீவுக்கு வந்தா திண்ணையில உக்காந்து எனக்கும் பாடம் எடுத்துட்டுத்தான் போவா. நான் கேக்குத கேள்வி அவ பிள்ளைங்க கூடக் கேக்கதில்லையாம். கேக்கமாட்டாங்க, அவங்களுக்குப் பரிச்சை இருக்கு. எனக்கு என்ன இருக்கு?

மொதல்ல உன் வயித்துக்குள்ள இருக்க மந்தையோட கணக்கைக் கேளு. 2016-ல இஸ்ரேல் வெய்ஸ்மன் நிறுவனத்துக்காரங்க கணக்குப் போட்டுப் பாத்து, ஒரு சராசரி ஆம்பளை உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குன்னு சொன்னாங்க. அநேகமா எல்லாமே பெருங்குடல்லதான். அம்புட்டையும் வழிச்சுத் தராசுல வச்சா 200 கிராம் தேறும். ஒரு மாத்திரையில நீ முழுங்குதது நூறு கோடி. வகுத்துப் பாரு, பொறியியல் படிச்சவன்தானே? 38,000-க்கு ஒண்ணு. முப்பத்தெட்டாயிரம் மாடு மேயுத மந்தைக்குள்ள ஒத்தைக் கன்னுக்குட்டியைப் பத்திவிட்டுட்டு, 'இனிமே மந்தை பூரா என் பேச்சுதான் கேக்கும்'னு துண்டை உதறித் தோள்ல போடுதே. பலே, பலே!

அந்தக் கன்னுக்குட்டியாவது நின்னு நிலைக்குமா? இரைப்பை அமிலத்துல ஒரு பங்கு செத்துப்போகும். தப்பிச்சு உள்ள போனதும் பெரும்பாலான ஆளுக்குத் தங்காது. நீ மாத்திரையை நிப்பாட்டின கொஞ்ச நாள்ல அதுவும் காணாமப் போயிரும். நம்ம காட்டுல கீதாரி வந்து கிடை போடுதான்லா, அது மாதிரிதான். ரெண்டு ராத்திரி ஆடு நிக்கும், புழுக்கையைப் போடும், மூணாம் நாள் அடுத்த காட்டுக்கு நடையைக் கட்டிரும். கிடை நின்ன காட்டுக்கு நன்மை இல்லன்னு நான் சொல்லல. அதுக்காக 'ஆடெல்லாம் எனக்குச் சொந்தம்'னு சொல்லிக்கிட்டுத் திரியலாமா? ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வயித்தால போகுததைக் கொறைக்க, டாக்டரு இன்ன கிருமி, இத்தனை நாளுன்னு எழுதிக் குடுத்தா மறுபேச்சுப் பேசாமச் சாப்பிடு. விளம்பரத்துல நடிகை வயித்தைத் தடவிச் சிரிச்சான்னு வாங்கினியே, அதுக்குத்தான் இந்தத் தாத்தா இம்புட்டு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசுதேன்.

இந்தக் கிறுக்கு உன்னோட தொடங்கினதில்ல, வருத்தப்படாதே. பாரிஸ்ல பாஸ்டர் நிறுவனத்துல மெச்னிகாஃப்னு ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. வெள்ளணு எப்பிடிக் கிருமியை முழுங்குதுன்னு கண்டுபிடிச்சு 1908-ல நோபல் பரிசு வாங்கினவரு. பல்கேரியாவுல குடியானவங்க கிழடு தட்டியும் தெம்பா இருக்காங்க, அதுக்குக் காரணம் அவங்க குடிக்குத புளிச்ச பாலுதான்னு அவரு சொன்னாரு. அவ்வளவுதான், ஐரோப்பா முழுக்கப் புளிச்ச பாலு, புளிச்ச பால் கிருமி மாத்திரைன்னு கடை தெறந்துட்டான். இன்னைக்கு நீ வாங்குத டப்பாவுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. நீண்ட ஆயுசுக்கு வழி சொன்ன அந்த மனுசன் 1916-ல, 71 வயசுல போயிச் சேந்தாரு. எனக்கு எத்தனை வயசுன்னு கேக்காதே, அவருக்கு மரியாதைக் கொறவாப் போயிரும்.

அவரு சொன்ன பல்கேரியக் கிருமி, பின்னால சோதிச்சுப் பாத்தா, குடல்ல குடியேறுத சாதியே இல்ல. பால்ல இருக்க லாக்டோஸ் சர்க்கரையில பொழைக்குத சாதி அது. பெருங்குடல் அதுக்கு ஊரு இல்ல. ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் பலமாக் கேக்கல: கிருமியை மேலருந்து அனுப்பிக்கிட்டே இருக்கோமே, ஏற்கெனவே அடிவயித்துல குடியிருக்கவனுக்குச் சோறு யாரு போடுதா?

அந்தக் கேள்விக்கு ஒழுங்கா ஒரு பதில் எழுத 1995 ஆச்சு. இங்கிலாந்துக்காரரு க்ளென் கிப்சன், பெல்ஜியத்துக்காரரு மார்செல் ராபர்ஃப்ராய்டு, ரெண்டு பேரும் சேந்து எழுதினாங்க. நம்ம குடலால செமிக்க முடியாம, அப்பிடியே பெருங்குடலுக்குப் போயி, அங்க இருக்க நல்ல சாதிக் கிருமியைத் தேர்ந்தெடுத்து வளக்குத உணவுப்பொருளுக்குப் 'பிரீபயாட்டிக்'னு பேரு வச்சாங்க. கிருமியையும் தீனியையும் ஒண்ணாச் சேத்துக் குடுத்தா அது 'சின்பயாட்டிக்'. பேரைக் கேட்டு மிரளாதே. வைக்கோலோட மாட்டை ஓட்டிட்டு வாரது, அவ்வளவுதான்.

இதுல ஒரு தந்திரம் இருக்கு, கவனி. செடிகொடியில இருக்க சில மாவுச்சத்தை உடைக்க நம்ம உடம்புல நொதி கெடையாது. நாக்குக்கு ருசி தெரியும், சிறுகுடலுக்கு ஒண்ணும் புரியாது, கீழ தள்ளிவிட்டுரும். கீழ பெருங்குடல்ல காத்து இல்லாத இருட்டுக்குள்ள காத்துக் கெடக்க பாக்டீரியா அதைப் பிச்சுத் தின்னு, சின்னச் சின்னக் கொழுப்பமிலமா மாத்தும். அதுல பியூட்டிரேட்னு ஒண்ணு. பெருங்குடல் சுவத்துல இருக்க அணுவெல்லாம் தன் பலத்துல பெரும்பங்கை அதுல இருந்துதான் எடுக்கு. அதுலயும் ஒரு கூட்டுவேலை உண்டு: பிஃபிடோன்னு ஒரு சாதி இந்த நாரைத் தின்னு லாக்டேட்டும் அசிட்டேட்டும் போடும், இன்னொரு சாதி அந்த ரெண்டையும் தின்னு பியூட்டிரேட்டாக்கும். நீ திங்காதது அவனுக்குத் தீனி, அவன் கழிக்கது உனக்குத் தீனி. எரு போட்டுப் புல்லு வளத்து, புல்லைத் தின்ன மாட்டுக்கிட்டப் பாலு வாங்குத கணக்குதான்.

தீனி போடாட்டா என்ன ஆகும்? கோடையில வைக்கோல் போர் தீந்துபோனா கட்டுத்துறையில நிக்க மாடு என்ன பண்ணும்னு நீ பாத்ததில்ல. தலையை நீட்டித் தொழுவத்துக் கூரையைப் பிச்சுத் திங்கும். எலிக்கு நாரில்லாத சாப்பாடாக் குடுத்துப் பாத்தாங்க. அதோட குடல் பாக்டீரியா, குடல் சுவத்து மேல இருக்க சளிப்படலத்தையே அரிச்சுத் தின்ன ஆரம்பிச்சிட்டு. 2016-ல வந்த ஆராய்ச்சி. எலி கதைதான், மனுசன் கதைன்னு நான் அடிச்சுச் சொல்லல. ஆனாலும் பரோட்டாவைப் பிச்சுப் போடும்போது கூரையையும் ஒரு தடவை நிமுந்து பாத்துக்கிடு.

இன்னொண்ணு சொல்லுதேன், கேட்டா ஆச்சரியப்படுவே. இந்த வித்தையை மொதல்ல செஞ்சது விஞ்ஞானி இல்ல, பெத்தவ. தாய்ப்பால்ல சர்க்கரையும் கொழுப்பும் போக, மூணாவதா அதிகமா இருக்கது ஒரு வகைச் சர்க்கரைக் கோர்வை. பிள்ளைக்கு அதைச் செமிக்கவே தெரியாது. பெறகு எதுக்கு அம்மா மெனக்கெட்டு உண்டாக்குதா? பிள்ளை வயித்துல இருக்க பிஃபிடோ பாக்டீரியாவுக்கு! ஹென்றி டிசியேன்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு 1900 வாக்குல தாய்ப்பால் குடிக்குத பிள்ளைங்க மலத்துலதான் அந்தப் பாக்டீரியாவையே கண்டுபிடிச்சாரு. உங்க அம்மா உனக்கு மட்டும் பால் குடுக்கல, உன் வயித்துல இருந்த கூட்டத்துக்கும் சேத்துக் குடுத்திருக்கா. நீ வளந்து சம்பாதிச்சு அந்தக் கூட்டத்தைப் பட்டினி போடுதே. நல்ல வம்சம்!

பிள்ளை மலத்தைச் சொன்னதும் மூக்கைச் சுளிக்கியே. மாடு வளத்தவன் சாணியைப் பாத்தே தீனியைச் சொல்லிருவான். டெனிஸ் பர்கிட்னு அயர்லாந்துல பொறந்த ஒரு அறுவை டாக்டரு உகாண்டாவுல ரொம்ப வருசம் இருந்தாரு. அவரும் அவரோட கூட்டாளிங்களும் ஊரு ஊரா மனுச மலத்தை எடை போட்டுப் பாத்து, 1972-ல லான்செட் பத்திரிகையில எழுதினாங்க. உகாண்டா கிராமத்தானோட கணக்கு வெள்ளைக்காரன் கணக்கை விட நாலு மடங்கு! நாரு நெறைய திங்கவனுக்கு நெறையவும் போகும், சுருக்காவும் போகும். படிச்ச டாக்டரு தராசைத் தூக்கிட்டு எதுக்குப் போயிருக்காரு பாரு. நீ என்னடான்னா காலையில அலைபேசியைத் தூக்கிட்டு உள்ள போயி முக்கா மணி நேரம் கழிச்சு வாரே. அந்த வீட்டுல எனக்கும் அவசரம் உண்டுய்யா.

ஆனா நாருன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காதே. பனங்கிழங்கு தின்னா பல்லு இடுக்குல மாட்டுதே, அந்த முரட்டு நாரைக் குடல் பாக்டீரியா அவ்வளவாத் தொடாது. அது மலத்தை இளக்கித் தள்ளிவிடும். அதுவும் வேலைதான், ஆனா அது தீனி இல்ல. தீனியா ஆகுதது வேற ரகம். வெங்காயம், வெள்ளைப்பூண்டுல இருக்க இன்யுலின், அது வகையில வார குட்டைச் சங்கிலிச் சர்க்கரை. பயறு பருப்புல இருக்க ராஃபினோஸ் கூட்டம். வாழைக்காயிலயும் ஆறின சோத்துலயும் இருக்க, எளிதுல செமிக்காத மாவு. ஒவ்வொரு சாதிக் கிருமிக்கும் ஒவ்வொரு தீனி. அதனாலதான் ஒரே பொடியை வாழ்நாள் முழுக்க முழுங்குதவனை விட, நாலு வகைக் காய், நாலு வகைப் பயறு திங்கவன் கெட்டிக்காரன்.

பொடின்னதும் ஞாபகம் வருது, உன் பையில அந்த ரெண்டாவது டப்பா. 'குவார் நாரு'ன்னு போட்டு, பூட்டுப் போட்டு வைக்குத வெலை போட்டிருக்கான். அது என்ன செடின்னு தெரியுமா? சீனியவரை! உங்க ஊருல கொத்தவரங்கான்னு சொல்லுவீங்களே, நேத்து உங்க ஆச்சி பொரியல் வச்சதுக்கு, 'கசக்கு ஆச்சி'ன்னு ஒதுக்கி வச்சியே, அதே செடி. அதோட முத்தின விதையில உள்பருப்பை எடுத்து அரைச்சு, நொதி விட்டு உடைச்சு, தண்ணியில கரையுத மாதிரி ஆக்கித் தாரான். ராஜஸ்தான்ல காடு காடா விளையுது. 2012 வாக்குல அமெரிக்காக்காரன் பாறையைப் பொளந்து எண்ணெய் எடுக்க இந்தப் பிசினைத்தான் அள்ளிட்டுப் போனான், வெலை மலை ஏறிட்டு. எண்ணெய்க் கிணத்துக்குப் போனது போக மிச்சம் உன் வயித்துக்கு வந்திருக்கு. பொடி பொய்யின்னு சொல்லல, நல்ல பொடிதான். பொரியல்ல கசக்கது டப்பாவுல மட்டும் இனிக்கே, அதான் எப்பிடின்னு கேக்கேன்.

சரி, நம்ம அடுக்களைக்கு வா. கம்மஞ்சோத்தைப் பாரு. கம்பைக் குத்திக் காச்சி, உருண்டை பிடிச்சு, ராத்திரி தண்ணியில போட்டு வச்சு, விடிஞ்சதும் மோரு விட்டுக் கரைச்சு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டுக் குடிப்போம். இதுல என்னென்ன இருக்குன்னு உன் பெரியப்பா மக எண்ணிக் காட்டினா. ராத்திரி புளிச்ச தண்ணியில லாக்டிக் அமிலம் உண்டாக்குத பாக்டீரியா. மோர்ல அதோட உறவுக்காரங்க. கம்புல நாரு, ஹைதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல போட்ட பட்டியல்ல 100 கிராம் கம்புக்கும் கேப்பைக்கும் 11 கிராமுக்கு மேல நாரு, தீட்டின வெள்ளை அரிசிக்கு 3 கிராம் கூட இல்ல. ஆறின மாவுல, செமிக்காத மாவு கொஞ்சம். வெங்காயத்துல இன்யுலின் வகை. மாடும் வைக்கோலும் ஒரே செம்புல! கேப்பைக்கூழும் இப்பிடித்தான்: மாவைக் கரைச்சுப் புளிக்க வச்சுக் காச்சுவாங்க, காச்சும்போது அந்தப் பாக்டீரியா செத்துரும், ஆறினதும் இன்னொரு ராத்திரி வச்சு மோரு விடும்போது புதுக்கூட்டம் வரும்.

பழைய சோறும் சொல்லுவே. சொல்லு, ஆனா அளந்து சொல்லு. வெந்த சோறு ஆறும்போது மாவு மறுபடி இறுகி, கொஞ்சம் செமிக்காத ரகமா மாறும். 100 கிராமுக்கு ஒண்ணோ ஒண்ணரையோ கிராம்தான். அதை வச்சு மட்டும் மந்தையை வளக்க முடியாது. கூட வெங்காயம், துவையல், பயறுன்னு வேணும். சோத்தை நாள் பூரா வெக்கையில சும்மா போட்டு வச்சுட்டு ராத்திரி தண்ணி ஊத்தாதே. வெந்தும் சாகாத கெட்ட கிருமி விதை அரிசியில உண்டு. ஆறினதும் தண்ணி ஊத்து, காலையில குடி, நூல் விட்டாலோ நாத்தம் அடிச்சாலோ கொட்டிரு.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்க எதிர்த்த வீட்டு மாமாவுக்கு இப்ப நெஞ்சு நிமுந்திருக்கும். அவருதான் காலையில வாட்சப்புல 'நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்ல'ன்னு அனுப்புதவரு. முன்னோரு முட்டாளும் இல்ல, விஞ்ஞானியும் இல்ல. வீட்டுல வெங்காயம் கெடந்துச்சு, கடிச்சான். கறி வாங்கக் காசு இல்ல, கூழைக் குடிச்சான். நெல்லுச்சோறு கெடைச்ச அன்னைக்கு அவனும் கம்மஞ்சோத்தைத் திரும்பிப் பாக்கல, அதையும் சேத்து அனுப்பச் சொல்லு.

அந்த மாமா 'இட்லியில கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா'ன்னும் அனுப்புவாரு. மாவுல உண்டு. அந்த மாவைப் பொங்க வைக்கதே லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியாதான். 1965-ல அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து ஜெனீவாங்குத ஊரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல அதைச் சோதிச்சு எழுதினாங்க. அதுல ஒருத்தரு கார்ல் பீடர்சன். முட்டைக்கோஸ் ஊறுகாயை ஆராய்ஞ்சே பேரெடுத்தவரு. ஏன்னா அந்த ஊறுகாயைப் புளிக்கத் தொடங்கி வைக்கதும் இதே பாக்டீரியா, கொரியாக்காரன் கிம்ச்சியில இருக்கதும் இதே சாதி. ஆனா எய்யா, கிம்ச்சியை அவன் பச்சையாத் திங்கான். முட்டைக்கோஸ், முள்ளங்கி, பூண்டுன்னு தீனியும் கூடவே இருக்கு. நாம இட்லியை ஆவியில வேக வைக்கோம். மூடியைத் தெறக்கும்போது உள்ள அந்தப் பாக்டீரியாவுல ஒரு உருப்படி உசுரோட இருக்காது. இட்லி நல்ல சாப்பாடு. உளுந்து செமிக்கும், மெத்துன்னு இருக்கும், பல்லு இல்லாத எனக்குத் தெய்வம். உசுருள்ள பாக்டீரியா வேணும்னா தொட்டுக்கிட வெங்காயத் தயிர்ப்பச்சடி வச்சுக்கோ. அந்த மாமாகிட்ட மட்டும் சொல்லிராதே, மனுசன் நாலு நாள் சாப்பிட மாட்டாரு.

காப்பியில சிக்கரி இருக்கேன்னு உங்க சித்தப்பா வந்து நிப்பான். டப்பா இன்யுலின்ல பெரும்பங்கு அந்தச் சிக்கரிக் கிழங்குலருந்துதான் வருது, பெல்ஜியத்துலயும் நெதர்லாந்துலயும் எடுக்கான். பச்சைக் கிழங்குல நூத்துக்குப் பதினஞ்சு, இருவது பங்கு இருக்கும். ஆனா காப்பிக்கு அதைக் கருகக் கருக வறுக்கான்லா, அதுல இன்யுலின்ல நெறைய உடைஞ்சு நிறமும் கசப்புமா மாறிப்போகுது. நாலு டம்ளர் காப்பியைக் குடிச்சுட்டு 'குடலுக்கு நல்லது'ன்னு சொல்லுத உரிமை உங்க சித்தப்பனுக்குக் கெடையாது.

இனி, கடையில கிண்ணத்துல விக்குத தயிரு. 'இன்யுலின் சேத்தது'ன்னு பெருசாப் போட்டிருப்பான். பாலை உறைய வைக்குத பாக்டீரியாவுக்கு லாக்டோஸே போதும், நீளச் சங்கிலி இன்யுலினை அது பெரும்பாலும் திரும்பியே பாக்காது. கூடப் போட்டிருக்க பிஃபிடோ வகை, குட்டைச் சங்கிலியைக் கொஞ்சம் கொறிக்கும். குளிருல கெடக்கையில சாகாம இருக்க அது உதவுதுன்னு சில ஆராய்ச்சியில பாத்திருக்காங்க, எல்லா ரகத்துக்கும் அது பொருந்தாது. மத்தபடி அந்த இன்யுலின் அப்பிடியே கீழ போயி உன் சொந்த மந்தைக்குத் தீனியாகும். அது நல்லதுதான். ஆனா வியாபாரிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: கொழுப்பை எடுத்த தயிரு தண்ணியாப் போகும்லா, இன்யுலின் போட்டா வெண்ணெய் மாதிரி வழவழன்னு நிக்கும். அதனால கிண்ணத்தைத் திருப்பிப் பின்னாடி படி. இன்யுலின் எத்தனை கிராம், சீனி எத்தனை கிராம்? சிக்கரி இன்யுலின் மலச்சிக்கலுக்கு உதவும்னு சொல்ல ஐரோப்பாவுல அனுமதி குடுத்தபோது, ஒரு நாளைக்கு 12 கிராம் சாப்பிடணும்னு கணக்கு வச்சான். உன் கிண்ணத்துல ரெண்டு கிராம் இன்யுலினும் பதினஞ்சு கிராம் சீனியும் இருந்தா, நீ வாங்கினது மிட்டாய்.

'அப்ப மாத்திரை, தயிரு எல்லாம் வேண்டாம், நாரு மட்டும் போதுமா?'ன்னு கேப்பே. கேட்டியே, இப்பத்தான் நீ என் பேரன். 2021-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 36 பேரை ரெண்டாப் பிரிச்சு 10 வாரம் பாத்தாங்க. ஒரு கூட்டத்துக்கு நாரு நெறைய. இன்னொரு கூட்டத்துக்குத் தயிரு, கிம்ச்சி மாதிரி புளிச்ச சாப்பாடு நெறைய. புளிச்சது தின்ன கூட்டத்துக்குக் குடல்ல பாக்டீரியா வகை கூடுச்சு, ரத்தத்துல வீக்கம் காட்டுத 19 புரதம் கொறைஞ்சுச்சு. நாரு தின்ன கூட்டத்துக்கு வகை கூடல! ஏன்? பல காலமா நாரே காணாத வயித்துல அதைத் திங்குத சாதியே அத்துப்போயிருக்கலாம்னு ஒரு எண்ணம். 2016-ல அதே பல்கலைக்கழகத்துல எலியில பாத்திருக்காங்க: நாரில்லாத சாப்பாட்டுல தலைமுறை தலைமுறையா வளத்தா, சில பாக்டீரியாச் சாதி ஒழிஞ்சே போகுது. நாலு தலைமுறை கழிச்சு நாரைக் கொட்டினாலும் அது திரும்பல. தொலைஞ்ச பாக்டீரியாவையும் நாரையும் சேத்துக் குடுத்தபோதுதான் வந்துச்சு.

அதனாலதான் சொல்லுதேன். மாடில்லாத தொழுவுல போர் போட்டாலும் வீண், போர் இல்லாத வீட்டுல மாடு கட்டினாலும் பாவம். புளிச்சதும் வேணும், அதோட நாரும் வேணும், ரெண்டும் தினசரி வேணும். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் நாராவது வேணும்னு சொல்லுது. அதை ஒரே ஸ்பூன்ல வாங்க முடியாது, மூணு வேளைத் தட்டுலதான் வாங்கணும். மத்தியானம் மோரு, கூட ஒரு பயறு, ஒரு காய். ராத்திரி வெள்ளைப்பூண்டு போட்ட ரசம். வெங்காயத்துச் சத்து தண்ணியில கரையுதது, அதனால சாம்பாரை ஊத்திக்கிட்டு வெங்காயத்தை ஒதுக்கினாலும் கொஞ்சம் உள்ள போயிருக்கும். உன்னை அறியாம நீ நல்லவனா இருந்திருக்கே.

ஆனா அவசரப்படாதே. க்ளென் கிப்சன்னு ஒருத்தரு 'தின்னு'ன்னாரே, ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்துல பீட்டர் கிப்சன்னு இன்னொருத்தரு இருக்காரு. அவரும் சூ ஷெப்பர்டுங்குத அம்மாவும் சேந்து, சில வயித்துக்காரங்களுக்கு வெங்காயம், பூண்டு, பயறுல இருக்க இதே சத்துதான் உப்புசமும் வலியும் உண்டாக்குதுன்னு எழுதினாங்க. ஒரு கிப்சன் போடுங்காரு, இன்னொரு கிப்சன் பொறுங்காரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. தின்ன பாக்டீரியா வாயு விடும். குடல் தொட்டாச்சிணுங்கியா இருக்கவனுக்கு அது தாங்காது. அப்பிடிப்பட்டவனும், நோய் எதிர்ப்பு ரொம்பக் கொறைஞ்சவனும் டாக்டரைக் கேட்டுக்கிடணும். உனக்கு அந்தத் தொந்தரவு இல்ல. நேத்து பந்தியில பாத்தேன்.

அதனால பட்டினி கெடந்த மாட்டுக்கு ஒரே நாள்ல போர் முழுக்க அவுத்துப் போட்ட மாதிரி செய்யாதே, வயிறு ஊதிரும். இந்த வாரம் ஒரு கைப்பிடி பயறு, அடுத்த வாரம் ஒரு கரண்டி சீனியவரைப் பொரியல், அதுக்கடுத்து கம்மங்கூழுன்னு மெதுவா ஏத்து. தண்ணி நல்லாக் குடி. உள்ள இருக்கவனும் பழகணும்லா. பழகுத வரைக்கும் வயிறு கொஞ்சம் பேசும், சபையில கூடப் பேசும். அதுக்கு வெக்கப்படாதே, கூட்டம் சாப்பிட உக்காந்திருக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு உபகாரம் பண்ணு. ஞாயித்துக்கெழமை ஊருக்குத் திரும்பும்போது கண்ணாடி மூடின ஏசி பஸ்சுல சீட்டு போட்டிருக்கியாமே, அதை மாத்திட்டு ஜன்னல் தெறக்குத பஸ்சாப் பாத்து ஏறு. உன் வயிறு உன் பாடு. பக்கத்து சீட்டுக்காரன் என்னய்யா பாவம் பண்ணினான்?